சக்கரவர்த்திக்குச் சாப்பாடு

நோபல் பார்க் வீட்டுக் குசினியில் காலை வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. இரஞ்சிதம் கீரை ஆய்கிறாள். அவளுடைய மகள் மயூரா பள்ளிக்கூடத்துக்காகச் சீனத்துச் சின் வம்சத்தைப் பற்றிப் பெரிய தாளில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில் வாடகைக்கு அறை எடுத்திருக்கும் நகுலேஸ்வரன் எதிர்க் கதிரையில் இருந்து அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கிறான். "ஆறு நாட்டை அடிச்சுப் பிடிச்சு, பெரிய சுவரெல்லாம் கட்டிப்போட்டு, ஒன்லி பிஃப்டீன் இயர்ஸ் அங்கிள்," என்கிறாள் மயூரா. "எங்கட ஊர்ச் சங்கக்கடையே அதைவிடக் கனகாலம் இருந்தது," என்கிறான் அவன். மயூரா சிரிக்கிறாள். சக்கரவர்த்தி பயணத்தில் செத்துப்போனதை மந்திரிமார் மறைத்துவிட்டார்களாம். "டெய்லி வண்டிக்குள்ள சாப்பாடு குடுத்தவை. ஆர் கேட்டாலும், அவர் ரெஸ்ட் எடுக்கிறார் எண்டு சொன்னவை. மணம் தெரியக்கூடாது எண்டு மீன் வண்டியையும் கூட விட்டவை." நகுலேஸ்வரனின் கையில் பென்சில் அப்படியே நிற்கிறது. ஊருக்கு எப்போது கோல் எடுத்தாலும் தம்பி ஒரே பதிலைத்தான் சொல்கிறான்: அப்பா சாப்பிட்டுப் படுத்திட்டார் அண்ணா. விசா இல்லாதவன் போய்ப் பார்த்தால் இந்த நாட்டுக்குத் திரும்பி வர முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் குரலைக் கடைசியாகக் கேட்டது தைப்பொங்கலன்று. இப்போது பங்குனி. அவன் நிமிர்கிறான். இரஞ்சிதம் கீரையை விட்டுவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்களுக்கும் தெரியுமோ அக்கா?"

"முப்பத்தோராம் நாள் காரியமும் முடிஞ்சுது தம்பி," என்கிறாள் அவள், திரும்பாமலே.