மட்டியைத் தின்றால் மட்டி தீருமா?

"பிள்ளே, இந்த மட்டிப்பழத்தை நான் தின்னா, மட்டிங்கிற கிளாஸே இல்லாம போயிருமா?"

ஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் வைவா, வாய்மொழித் தேர்வு. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் பேப்பரில் மூன்றாவது தடவை. இதிலும் ஊற்றிக்கொண்டால் கைக்கு வந்த திருவனந்தபுரம் வேலை அம்போதான். இந்த லட்சணத்தில், பக்கத்து செக்ஷன் பிரதீஷ் தனக்கும் அரியர் என்று சொல்லிக்கொண்டு, ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தோடு லேப் வாசலில் வந்து சம்மணம் போட்டிருக்கிறான்.

போன இரண்டு தடவையும் அவள் புத்தகத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். "சரி, ஒரு உதாரணம் சொல்லும்மா" என்றதும் பேந்தப் பேந்த முழித்தாள்.

"ஏலே மண்டா! நீ தின்னது ஒரு ஆப்ஜெக்ட். போனா அது மட்டும்தான் போவும். மட்டின்னா விரல் நீளம், மெல்லிசுத் தோல், நல்ல மணம்னு ஒண்ணு எழுதி வச்சிருக்குல்லா, அதுதான் கிளாஸ். அதை உங்க அப்பா வந்தாலும் தின்ன முடியாது!"

பிரதீஷ் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு அடுத்த பழத்தை உரித்தான். அப்படியானால் ஏத்தன் என்கிற நேந்திரனை மட்டும் ஏன் சிப்ஸ் போடுகிறார்கள், மட்டியை ஏன் போடுவதில்லை என்று கேட்டான்.

படிக்கிற பயல் கேட்கிற கேள்வியா இது?

இரண்டும் வாழைதான், வாழையின் குணமெல்லாம் இரண்டுக்கும் தானாக வந்துவிடும், ஆனால் 'சமை' என்று பொதுவாக எழுதியிருப்பதை ஏத்தன் தனக்குத் தோதாக 'சிப்ஸ் போடு' என்று மாற்றி எழுதிக்கொள்ளும் என்று ஜினி கத்தினாள்.

கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. தானாக வருவது இன்ஹெரிட்டன்ஸ். மாற்றி எழுதிக்கொள்வது ஓவர்ரைடிங். போன தடவை அவளைக் கவிழ்த்த கேள்வியே இதுதான்! அட, இவ்வளவுதானா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

லேப் கதவு திறந்தது. உதவியாளர் சத்தியநேசன் எட்டிப் பார்த்து அவளைக் கூப்பிட்டார்.

"அடுத்தது இவனா அண்ணா? பாவம், இவன் தேறமாட்டான்."

"இவனா? இவன் போன வருசமே இதுல ஃபர்ஸ்ட் மார்க்குல்லா. இன்னைக்கு அரியர் உனக்கு மட்டும்தான் மக்கா."

ஜினி திரும்பினாள். பிரதீஷ் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினான்.

"உள்ள இருக்க சாரும் என்னைப் போல ஒரு மண்டன்னு நெனச்சுச் சொல்லு. திட்ட மட்டும் செய்யாத."