சாவுப் பூசையில் திருநாள் வாசிப்பு

பீடத்துக்கு முன்னால் கறுப்புத் துணி போர்த்திய சின்னச் சவப்பெட்டி. மேலே மாடத்தில் கோவில் ஆர்கன் வாசிப்பவரான எலுவா தெப்ரே, அதன் ட்ரம்பெட் குழல்களை எல்லாம் திறந்துவிட்டு, உயிர்ப்புத் திருநாளைக்கு வாசிப்பதுபோல ஆர்கனை முழக்கிக்கொண்டிருந்தார்.

பீடத்தருகே அமர்ந்திருந்த வலென்தே சாமியின் முகம் சிவந்துவிட்டது. சாவுப் பூசையில் ஆர்கனைத் தொடவே கூடாது. பாடகர்களின் குரல் மட்டும்தான். நிறுத்தச் சொல்லிக் கைமணியை அடித்தார். மறுபடியும் அடித்தார். வாசிப்பு இன்னும் உரத்தது.

ஊரெங்கும் பரவிய அம்மை எங்கள் பங்குச் சாமியாரையும் படுக்கையில் தள்ளியிருந்ததால், வலென்தே அன்று காலையில்தான் ஓர் இளங்குருவோடு பேராலயத்திலிருந்து படகில் வந்து இறங்கியிருந்தார். பூசையை அந்த இளங்குருவிடம் விட்டுவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி மாடப்படி ஏறினார்.

ஊர்க்காரர்கள் யாரும் தலை நிமிரவில்லை. பெற்றவர்கள் உட்காரும் முன்வரிசைப் பெஞ்சு காலியாக இருந்தது.

"யோவ் தெப்ரே! காலங்காத்தாலயே ஆப்பிள் சாராயம் ஊத்திக்கிட்டியா?"

"இல்ல சாமி." கை நிற்கவில்லை.

"இது சாவுப் பூசைன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சாமி."

"தெரிஞ்சுமா இந்தக் கூத்து? கீழ கெடக்கிறது ஒரு கொழந்தைய்யா! உனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?"

 எலுவாவின் இடது கை ஆர்கனின் இன்னொரு குமிழை இழுத்தது; முழக்கம் கூடியது.

ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்தியை மிதித்துக்கொண்டிருந்த மத்தூரினின் பக்கம் வலென்தே திரும்பினார். "டேய், காலை எடுடா. காத்து இல்லாம இவன் எப்படி வாசிக்கிறான்னு பார்ப்போம்."

மத்தூரினின் கன்னம் நனைந்திருந்தது. "என்னை என்ன வேணா பண்ணுங்க சாமி. நான் நிறுத்த மாட்டேன்."

"ஓகோ, ரெண்டு பேரும் ஒரே பீப்பாய்லதான் குடிச்சீங்களா?"

பிறகு வலென்தே குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தெப்ரே. பேராலயத்து ஆர்கன் உனக்குத்தான்னு நேத்துதான் ஆயர்கிட்ட பேசி முடிச்சேன். இப்பக் கையை எடுத்தா இதை ஆயர் காதுக்குக் கொண்டுபோக மாட்டேன். இல்லேன்னா அங்கயும் கெடையாது, இங்கயும் கெடையாது. எந்தக் கோவில்லயும் இனி உன்னை ஏத்த மாட்டாங்க."

அந்தப் பேராலயத்து ஆர்கனுக்காகத்தான் எலுவா பாரிஸில் கிடைத்த இடத்தையும் விட்டுவிட்டு இந்தச் சிற்றூரில் காத்துக் கிடந்தார். அச்சில் வந்த அவருடைய இசைப் புத்தகங்கள் எல்லாம் அதன் குழல்களை மனத்தில் வைத்து எழுதியவை. வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

"பெட்டி வெளிய போறவரைக்கும் வாசிச்சிடுறேன் சாமி," என்றார். "அப்புறம் சாவியை நீங்களே வெச்சுக்குங்க."

அப்படியே செய்தார். பெட்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் கையை எடுத்தார். மாடத்துச் சாவியை வலென்தேயிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். கல்லறைக்குப் போகும் கூட்டத்தோடு சேராமல், கோவில் சுவரை ஒட்டிய சந்தில் நுழைந்து தன் வீட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே அவர் மனைவி பெரின் படுத்திருந்தாள். அம்மை அவள் கண் இரண்டையும் மூடியிருந்தது. காய்ச்சல் இறங்கும்வரை சின்ன அதிர்ச்சிகூட அவளைக் கொன்றுவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

"வந்துட்டீங்களா?" வெடித்த உதடுகளில் சிரிப்பு வந்தது. "ரெமியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதுலேர்ந்து, தெனமும் கோவில் பக்கமே காதை வெச்சுக்கிட்டுக் கெடக்கேன். எப்பவும் வெறும் பாட்டுக் குரல்தான். இன்னிக்குத்தான் ஆர்கன் கேட்டுச்சு."

"ம்."

"அப்ப இன்னிக்குச் சாவுப் பூசை இல்ல!" அவள் தடவித் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம புள்ள இருக்கான்."