காதுக்காரரின் விருது

ஏற்புரை ஒத்திகையில் தொண்டை அடைக்க வேண்டிய இடத்தில் சரியாக அடைத்துவிட்ட திருப்தியோடு காதுக்காரர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். வராந்தா பெஞ்சில் ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. மடியில் கைப்பை, கையில் கைக்குட்டை, பார்வை எதிர்ச்சுவரில்.

ஒன்று, அழுதிருக்கிறார். இல்லை, அழப் போகிறார். சமூகப்பணி படித்துவிட்டு, அடுத்தவர் துயரத்தைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவருக்கு இதுகூடவா தெரியாது? கூடப் படித்தவர்கள் சும்மாவா அவருக்குக் காதுக்காரர் என்ற பட்டப்பெயரை வைத்தார்கள்!

அரங்கத்துக்குள் பழைய மாணவர் கூட்டம் களைகட்டியிருந்தது. இந்த வருஷத்துச் சமூக சேவை விருது காதுக்காரருக்குத்தான். ஆனால் கூப்பிடும்போது மேடையேறாதவருக்கு விருது கிடையாது, அடுத்தவருக்குப் போய்விடும். அந்தக் கல்லூரியின் பிடிவாதமான வழக்கம் அது.

கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று மனைவி வந்திருந்தார். "ஊரார் அழுகையைக் கேக்கறதெல்லாம் ஒரு வேலையா மாப்பிள்ளை?" என்று ஆயுசு முழுக்கச் சீண்டிய மைத்துனரும் வந்திருந்தார். அவர் வாயை அடைப்பதற்காகவே ஏற்புரையை ஜன்னலோரம் நின்று ஒத்திகை பார்த்திருந்தார் காதுக்காரர். பேச்சு சுலபமாக வந்துவிட்டது. கடைசியில் தொண்டை அடைப்பதுதான் லேசில் கைகூடவில்லை.

'கடவுளே, இந்த அம்மாவை இன்னைக்குப் பார்த்தா என் கண்ணில் காட்டணும்?' என்று மனசுக்குள் முறையிட்டார். அதற்குள் கால்கள் தம் பாட்டுக்குப் பெஞ்சை நோக்கிப் போய்விட்டன.

படித்த பாடம் மறக்கவில்லை. நேருக்கு நேராக இல்லாமல், பக்கவாட்டில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார். அம்மாளும் லேசாக ஒருக்களித்துத் திரும்பிக்கொண்டார்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்காம்மா?"

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு..." என்று அதையே மெல்லத் திருப்பிச் சொன்னார் அம்மாள்.

அடப்பாவமே, சொந்தமாகச் சொல்ல வார்த்தைகூட வரவில்லையே!

"அவசரமே இல்லைம்மா. நிதானமா சொல்லுங்க."

"ஆமா, அவசரமே இல்லை. நிதானமா சொல்லலாம்."

மூலையில் இருந்த தண்ணீர்க் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து வந்து நீட்டினார். "நீங்க முதல்ல குடிங்க" என்று அம்மாள் அதை அவர் பக்கமே தள்ளினார். மனசு நோகக் கூடாதே என்று காதுக்காரர் குடித்துவைத்தார்.

உள்ளே மைக் கரகரத்தது. விருதை வழங்க வேண்டியவர் வந்து இறங்கிவிட்டாராம். இதோ, எந்த நிமிஷமும் மேடைக்கு வந்துவிடுவாராம்.

அரங்கத்தின் கதவைத் திறந்துகொண்டு மனைவி விறுவிறுவென்று வந்தார். குனிந்து அவர் காதோடு கிசுகிசுத்தார். "இன்னைக்குமாங்க? உங்களுக்கு இன்னைக்கும் ஒரு ஆள் சிக்கிருச்சா? அங்க அண்ணன் இப்பவே சிரிக்க ஆரம்பிச்சாச்சு!"

"நீ போ, வரேன்."

"வந்து கிழிச்சீங்க!" மனைவி கண் கலங்க, முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அம்மாள் அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்ல எல்லாம் சுமுகம்தானே?" என்றார் மிருதுவாக.

காதுக்காரர் மனசுக்குள் தலையாட்டிக்கொண்டார். துக்கத்தை மறைப்பவர்கள் பேச்சை இப்படித்தான் அடுத்தவர் பக்கம் திருப்புவார்கள். இதற்கும் ஒரு வழி உண்டு. நம் கதையைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டால் அவர்கள் கதை தானாக வெளியே வரும்.

"சுமுகம்னு எப்படிம்மா சொல்றது? ஊர்ல இருக்கிற எல்லார் பேச்சையும் கேக்கறேன். என் பொண்ணு பேச வந்தா மட்டும், 'அப்புறம் பாக்கலாம்மா'ன்னுடுவேன். இப்பல்லாம் அவ பேச வர்றதே இல்லை. நல்லா இருக்கியான்னா, நல்லா இருக்கேங்கிறா. அவ்வளவுதான்."

உத்தியாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் முடிப்பதற்குள் ஒத்திகை எதுவும் இல்லாமலே தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மாள் ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. கைக்குட்டையை மட்டும் நீட்டினார். மூக்கைச் சிந்திய பிறகுதான், யார் யாருக்குக் கைக்குட்டை கொடுக்க வேண்டும் என்பதே காதுக்காரருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் எழுந்து, ஆளைக் காணாமல் சலசலப்பாக மாறியது. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

காதுக்காரர் பாதி எழுந்தார். புதுச் சட்டை சரசரத்தது. மேடை தெரிந்தது, மைத்துனரின் சிரிப்பும் தெரிந்தது. பிறகு அந்த அம்மாளின் முகம் தெரிந்தது. தனக்கு இருக்கிற துயரத்தை விழுங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவன் புலம்பலைப் பொறுமையாகக் கேட்ட முகம். விருதை வாங்க ஆயிரம் பேர் வருவார்கள். இவருக்கு இப்போது யார் இருக்கிறார்கள்?

மைத்துனர் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் மறுபடி உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா, நான் எங்கயும் போகலை."

அம்மாள் வாயைத் திறக்குமுன் கதவு படாரென்று திறந்தது. கல்லூரி முதல்வர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா, நீங்க இங்கயா இருக்கீங்க? உங்களை எங்கெல்லாம் தேடறோம்! விருதை வாங்கறவரையும் காணோம், குடுக்க வேண்டிய உங்களையும் காணோம்னா நான் என்ன பண்றது?"

அம்மாள் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க சார். பாவம், ஜன்னலோரமா தனியா விம்மிட்டு நின்னவர், இப்பத்தான் மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சிருக்கார்."