பொந்துக்குள் ஒரு வரிசை

தேனீ ஒன்றுக்கு உடம்பு முடியாமல் போனால் கூடு பார்த்துக்கொள்ளும். மீன்கொத்திக்கு அப்படி யாரும் இல்லை. தனியாகப் பறந்து, தனியாக மீன் பிடித்துப் பிழைக்கிற பறவை அது. அதனால்தான் ஆற்றங்கரை மருதமரத்துப் பொந்திலிருந்து வந்த குரலை நம்பியது.

“தினமும் ஒரு மீனை உள்ளே போட்டுட்டுப் போ. உனக்கு முடியாதப்ப நான் பாத்துக்கறேன்,” என்றது குரல்.

“முகம் தெரியாத ஆளுக்கா மீன் போடுறே?” என்று கேட்டது மரங்கொத்தி. அதுவும் தனியாள்தான். “நான் போட மாட்டேம்மா. எனக்கு ஒண்ணும் வராது.”

மீன்கொத்தியோ பட்டினி கிடந்த நாளிலும் மீன் போட்டது.

ஒரு புயலில் அதன் இறக்கை ஒடிந்தது. தத்தித் தத்திப் பொந்து வாசலுக்குப் போனது.

“இந்த இறக்கை இதுக்கு முன்னாடி வலிச்சிருக்கா?” என்று கேட்டது குரல்.

“குஞ்சா இருந்தப்ப ஒரு தடவை வலிச்சுது.”

“அப்போ இது பழைய வலியா இருக்கலாம். உள்ளே வந்து உட்காரு. விசாரிச்சுச் சொல்றேன்.”

உள்ளே இருட்டில் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பலவற்றுக்கு உடம்பில் இறகே இல்லை.

“வெளியே போயிடாதே. போனா இதுவரைக்கும் போட்டதெல்லாம் வீண்,” என்று முணுமுணுத்தது ஒரு நாரை.

வெளியே மரங்கொத்தி கூப்பிட்டது. “புழு கொண்டுவந்திருக்கேன், வாம்மா. நாம ரெண்டு பேரும் சாப்பிடலாம்.”

மீன்கொத்தி வாசல் வெளிச்சத்தைப் பார்த்தது. எழுந்திருக்கக்கூடப் பார்த்தது.

“அடுத்தது யாரு?” என்றது குரல், மிக ஆழத்திலிருந்து.

எல்லாப் பறவைகளும் ஓரடி முன்னால் நகர்ந்தன. மீன்கொத்தியும் நகர்ந்தது.