பெண் வரிசை

விதைப்பருத்திக் காட்டில் குஞ்சாயிக்குச் சாயங்கால வேலை மட்டும்தான். மறுநாள் விரியப்போகும் மொட்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, இதழையும் மகரந்தப் பைகளையும் உரித்தெறிந்துவிட்டு, நடுவிலிருக்கும் சூல்தண்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். காலையில் ஆண் பூவைக் கொண்டுவந்து அதன் நுனியில் தடவுவது பிள்ளை பெற்றவர்கள். காட்டுக்காரி போட்ட சட்டம் அது. குஞ்சாயிக்கு மூன்று முறை கலைந்திருக்கிறது. நான்காவது தங்கி மூன்று மாதமாவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மருந்தடிக்கிற காட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வேலை கிடையாது.

அன்று காலை மழை மூட்டம், ஆளும் போதவில்லை. காட்டுக்காரி ஆளனுப்பிக் குஞ்சாயியையும் வரவழைத்தாள்.

"அடியே குஞ்சாயி, நீயும் வந்து தடவு. வேற வழியில்ல."

"என் கை பட்டா காய் நிக்குங்களாம்மா?"

"நிக்கலேன்னா மருந்து மேல பழியப் போட்டுரு புள்ள," என்று பக்கத்து வரிசையிலிருந்து பாவாயி சிரித்தாள்.

குஞ்சாயி ஒரு பூ விடாமல் தடவினாள்.

பத்தாம் நாள் அவள் வரிசை முழுக்கப் பிஞ்சு நின்றிருந்தது. காட்டுக்காரி குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

"ராசியான கைதாண்டி உனக்கு. நாளையிலிருந்து காலையிலயும் வந்துரு."

குஞ்சாயி முந்தானையைப் பின்பக்கம் இழுத்துச் சேலையில் பரவிய சிவந்த ஈரத்தை மறைத்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவே மெல்லக் குந்தினாள். பக்கத்துக் காட்டில் மருந்தடிக்கும் இயந்திரம் இரைந்தது. பிடிமானத்துக்கு அவள் பற்றிய கிளையில் ஒரு பிஞ்சு இருந்தது. அதன் காம்பில் கட்டைவிரல் நகம் பதிந்து நின்றது.