ஏழாவது உலக அழகி

"ஏளா செல்வலட்சுமி, வெளிய வந்திராத! கதவச் சாத்து!"

அம்மா இசக்கித்தாய் போட்ட சத்தத்திலேயே செல்வலட்சுமி கதவைத் திறந்துவிட்டாள். வராதே என்றால் கட்டாயம் வருகிற ரகம் அவள்.

ஆத்தூர்த் தெருவில் தசரா செட்டு வந்துகொண்டிருந்தது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வீடு வீடாகத் தர்மம் எடுக்கிற கூட்டம். மேளம் காதைக் கிழித்தது. முன்னால் ஒரு காளி, பின்னால் குறத்தி, போலீஸ், குரங்கு.

எல்லோருக்கும் பின்னால் அவளுடைய அப்பா மாசானம்.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற மனுஷன், ஜிகினாச் சேலையும் அட்டைக் கிரீடமுமாக, குதிகால் செருப்பில் தள்ளாடித் தள்ளாடி வந்தார். தோளுக்குக் குறுக்கே ஒரு ரிப்பன் பட்டை. அதில் கொட்டை எழுத்தில், 'ஏழாவது உலக அழகி'.

செல்வலட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? 'ஏழாவது' என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர் அல்லவா!

தூத்துக்குடியில் நடக்கிற 'முத்துநகர் அழகி' போட்டியில் கடைசிப் பத்துப் பேரில் அவளும் ஒருத்தி. ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு யூடியூப்காரர் மைக்கை நீட்ட, படித்து வைத்திருந்ததைக் கடகடவென்று ஒப்பித்தாள். "பிரபஞ்ச அழகிப் பட்டம் நம்ம நாட்டுக்கு மூணு தடவ வந்திருக்கு. உலக அழகிப் பட்டம் ஆறு தடவ. ஏழாவது நானா இருக்கணும்னு ஆச!"

அவ்வளவுதான், பிடித்தது சனியன்.

பஸ் ஸ்டாப்பில், "ஏழாவதுக்கு எடம் விடுங்கலே!" ரேஷன் கடையில், "ஏழாவதுக்குச் சீனியக் கொறச்சுப் போடுங்க, உடம்பு வச்சிரப் போவுது!" ஆறு பேர் ஜெயித்ததை நம்ம நாடு, நம்ம நாடு என்று பீற்றிக்கொள்கிற அதே தெருதான். ஏழாவது பக்கத்து வீட்டிலிருந்து என்றதும் பொறுக்கவில்லை.

டீக்கடை முத்துச்செல்வம் ஒரு படி மேலே போனான். "போட்டி நடக்குத ஞாயித்துக்கிழம வேன் புடிச்சு வாரோம். நீ மேடையேறினதும் 'ஏழாவது, ஏழாவது'ன்னு கத்துத கத்துல மண்டபமே அதிரணும்!"

அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் சொன்னாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னாரா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்காலுக்குப் போய்விட்டார். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். போட்டிக்குப் போகலாமா, வேண்டாமா என்று இன்னும் அவளுக்கே தெரியவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"ஏழாவது வாராடோய்!" டீக்கடையிலிருந்து விசில் பறந்தது. முத்துச்செல்வம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "இடுப்ப ஆட்டும்வே!"

மாசானம் ஆட்டினார்.

"பிளையிங் கிஸ் குடும்!"

கொடுத்தார்.

"பல்லக் காட்டும், பாப்போம்!"

வெற்றிலைக் காவி ஏறிய பல் அத்தனையும் காட்டினார். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அதோடு விட்டாரா? "இன்னும் யாருலே பாக்கி? வாங்க, வாங்க, வந்து கேளுங்க!" என்று வேறு கூப்பிட்டார்.

செல்வலட்சுமி படியிறங்கினாள். அம்மா பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்ளா. வெரதத்துல இருக்க மனுசன்."

"வெரதமா? எம்மானத்த வாங்குததுக்கு ஒரு வெரதமா?"

கையை உதறிவிட்டு நேராகப் போய் அப்பாவின் முன்னால் நின்றாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் அவரிடம் பேசுகிறாள்.

"ஊரு சிரிச்சது காணாதுன்னு நீங்களும் சேந்துட்டீங்களாப்பா? பெத்த பிள்ளயக் கேலி பண்ணி வேசம் கட்ட எப்படிப்பா மனசு வந்துச்சு?"

அவள் அந்தப் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. அது கிழிந்து கையோடு வந்தது.

மேளம் நின்றது.

செட்டுத் தலைவர் லிங்கராஜ் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏளா, காப்புக் கட்டினவன் மேல கைய வைக்காத! சாமி குத்தம் ஆயிரும்!"

சொல்லிவிட்டு மாசானத்தின் பக்கம் திரும்பினார். அவருக்கும் இந்த வேஷம் முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

"அவளச் சொல்லி என்ன குத்தம்? ஒனக்குப் புத்தி எங்கலே போச்சு? காளி போடு, குறத்தி போடு, யாரு கேக்கப் போறா? சொந்த மகள நக்கலடிச்சு எவனாவது வேசம் கட்டுவானா? ஆத்தாகிட்ட என்னன்னுலே நேந்த? இப்பவே, இங்கனயே சொல்லணும். இல்லன்னா காப்ப அவுத்து வச்சிட்டு செட்ட விட்டுப் போயிக்கிட்டே இரு!"

விரதத்தைப் பாதியில் முறிப்பதா? இசக்கித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாசானத்துக்கு உதட்டுச் சாயம் தாடை வரைக்கும் வழிந்திருந்தது. செருப்பு கடித்துக் குதிகாலில் ரத்தம். மகளை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் லிங்கராஜைப் பார்த்துத்தான் சொன்னார்:

"ஞாயித்துக்கிழம எம்பிள்ள மேடையேறுதா அண்ணாச்சி. அதுக்குள்ள இந்த ஊருல இருக்க கேலி அம்புட்டும் என் தலையில விழுந்து தீந்துரணும், அவளுக்குன்னு ஒண்ணுகூட மிஞ்சக் கூடாதுன்னுதான் நேந்துக்கிட்டேன்."