கறுப்புக் கசகசா

"கல்யாண மேஜையில கசகசா கூடவே கூடாது. பல்லுல ஒட்டிக்கும். போட்டோவுல அத்தனையும் கறுப்பாத் தெரியும்" என்று தட்டைத் தள்ளி வைத்தார் அலோய்சி.

எதிரே இருந்த எல்ஃப்ரீடா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போட்டோவை யாரும் தின்னப் போவதில்லை, வாய்க்கு ருசியாக இருந்தால் போதும் என்றார்.

போஷேனா இருவருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். போலந்தின் சிலேசியாவில் பேக்கரி நடத்துகிறவளுக்கு இதெல்லாம் பழகிய காட்சிதான். கல்யாணத்துக்கு முன்னால் தெருவில் ஒரு வீடு விடாமல் கோவோச் என்ற கல்யாணக் கேக்கின் துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு விட்டுப்போனாலும் ஆயுசுக்கும் பேச்சு நின்றுவிடும். கல்யாண நாளன்று விருந்து மேஜையிலும் அதுவே இருக்கும். அதனால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முன்கூட்டியே வந்து, சீஸ் வைத்தது, அந்த ஊர்க் கறுப்புக் கசகசா வைத்தது, ஆப்பிள் வைத்தது என்று ஒவ்வொன்றாக ருசி பார்ப்பார்கள். வரும்போது சிரித்துக்கொண்டு வருவார்கள். போகும்போது சில பேர் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

சம்பந்திச் சண்டையில் மட்டும் தலையைக் கொடுக்கக் கூடாது என்று போஷேனா வைராக்கியமாக இருந்தாள்.

சண்டை வளர்ந்தது. தெருவுக்குப் போகும் பொட்டலத்தில் மூன்றும் இருக்கட்டும், மேஜையில் மட்டும் சீஸும் ஆப்பிளும் போதும் என்று அலோய்சி கொஞ்சம் இறங்கி வந்தார். ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு நம் மேஜையில் வைக்காவிட்டால் ஊர் சிரிக்கும் என்றார் எல்ஃப்ரீடா. கசகசா இல்லாத கல்யாணத்துக்குத் தன் தங்கைகள் வாசற்படி மிதிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். வராவிட்டால் சாப்பாடு மிச்சம் என்று அலோய்சி முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் சீஸ் கோவோச்சில் இன்னொரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"எங்க வீட்டுக்காரி கெர்ட்ரூடா எந்தக் கல்யாணம்னாலும் சீஸ்தான் சொல்லுவா. அவ இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

எல்ஃப்ரீடா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிப்போய்விட்டது.

"அப்ப அவங்க கல்லறைக்கே போய்க் கேட்டுக்குங்க. எனக்கு இந்தக் கல்யாணமும் வேண்டாம், கோவோச்சும் வேண்டாம்."

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். அலோய்சி தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாதிரியார் தேதி கொடுத்துவிட்டார், விருந்துக்குத் தீயணைப்பு நிலைய மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது என்று அவர்தான் வந்ததும் பெருமையாகச் சொல்லியிருந்தார். இப்போது அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

போஷேனாவுக்கு மனசு கேட்கவில்லை. போன வருஷம் இதே மேஜையில் இரண்டு சம்பந்திகள் முறைத்துக்கொண்டு போனார்கள். மறுவாரம் கல்யாணப் பெண் அழுதுகொண்டே வந்து கோவோச் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த முகம் ஞாபகம் வந்ததும் வைராக்கியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கதவருகே போய் எல்ஃப்ரீடாவை மறித்தாள்.

"குறுக்க பேசறேன்னு கோவிச்சுக்காதீங்கம்மா. ஒரு துண்டு கசகசாவுக்காக ரெண்டு பேரு வாழ்க்கையைக் கெடுக்கலாமா? பிள்ளைங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எல்ஃப்ரீடா தயங்கினார். திரும்பி அலோய்சியைப் பார்த்தார்.

"கேட்டோம். என் பொண்ணு முடியவே முடியாதுன்னுட்டா. ஒரு மாசமா எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல."

"என் பையனும் அப்படித்தான்" என்றார் அலோய்சி, தொப்பியைப் பார்த்தபடியே. "கல்யாணத்தன்னைக்கு சர்ச் பக்கமே வரமாட்டானாம்."

போஷேனாவுக்கு வந்ததே கோபம். இந்தக் காலத்தில் இப்படியும் பெற்றவர்கள் இருப்பார்களா? இவர்களுக்காகப் பரிந்து பேசப் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"பொண்ணும் வேண்டாங்குது, பையனும் வேண்டாங்கறான். அப்புறம் யாருக்காகத்தான் இந்தக் கல்யாணம்?"

எல்ஃப்ரீடா கதவை விட்டு மெதுவாக வந்து, கழற்றாத கோட்டோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அலோய்சியின் கையிலிருந்து தொப்பியை வாங்கி, கசங்கலை நீவி, மேஜை மேல் வைத்தார்.

"எங்க ரெண்டு பேருக்காகத்தாம்மா" என்றார்.

அலோய்சி வாயைக் கையால் மறைத்துப் பல் செட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அதனாலதான் சொல்றேன். மாப்பிள்ளை பல்லு கறுப்பா இருந்தா போட்டோ நல்லாவா இருக்கும்?"